எவ்வளவு மரம் நிற்கிறது என்று சொல்லுங்கள்: வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் அரச மரக் கூட்டுத்தாபனத்துக்கும் ஒரு திறந்த மடல்

பத்தரமுல்லையில் இருந்து இந்த நாட்டின் காட்டையும் மரத்தையும் பார்த்துக்கொள்கிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னத் தளபாடப் பட்டறை நடத்துகிறேன். கதவு, நிலை, யன்னல், கட்டில், அலுமாரி என்று பிழைப்பு முழுக்க மரத்தோடுதான். மரம் வாங்குகிறவன் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கேள்வியில் என் தேவையும் கலந்திருக்கிறது. ஆனாலும் வீடு கட்டுகிறவர், தேயிலைத் தொழிற்சாலைக்கு விறகு தேடுகிறவர், காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று நீதிமன்றம் போகிறவர் என்று எல்லோருக்கும் பதில் தெரிய வேண்டிய கேள்விதான் இது. இலங்கையில் இன்றைக்கு எவ்வளவு மரம் நிற்கிறது? என்ன இனம், என்ன பருமன், எந்த மாவட்டம், யாருடைய காணி? காட்டுக்கும் மண்ணுக்கும் கேடு வராமல் அதில் வருடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம்?

இப்படிக் கேட்டால் வழக்கமாக ஒரு சதவீதம்தான் பதிலாக வரும். 1956ஆம் ஆண்டு எடுத்த வான்படங்களின்படி நாட்டில் 44 சதவீதம் காடு, 2010 வரைபடத்தின்படி 29.7 சதவீதம், 2030க்குள் 32 சதவீதமாக்குவதாக உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். மார்ச் 21 வந்தால் பத்திரிகைகளும் இதையே போடும். முக்கியமான எண்தான், மறுக்கவில்லை. நாட்டின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர், அதில் ஒரு சதவீதம் என்றாலே 656 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகர எல்லை 37 சதுர கிலோமீற்றர்தான், ஆக ஒரு சதவீதம் குறைந்தால் பதினேழு கொழும்பு அளவு காடு போயிருக்கிறது. ஆனால் இது நிலத்தின் கணக்கு. நிலத்தின் மேலே நிற்கிற மரத்தைப் பற்றி இந்த எண் ஒன்றும் சொல்லாது. ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமான எஃப்.ஏ.ஓ.வின் வரைவிலக்கணப்படி அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், ஐந்து மீற்றர் உயரத்துக்கு வளரக்கூடிய மரம், பத்து சதவீதத்துக்கு மேல் கிளைவிரிப்பு இருந்தால் அது காடு. சிங்கராஜாவின் ஒரு ஹெக்டேரும் ஒரு ஹெக்டேர், மன்னார்ப் பக்கத்து ஐதான வறண்ட காட்டின் ஒரு ஹெக்டேரும் ஒரு ஹெக்டேர். இரண்டிலும் நிற்கிற மரத்துக்கு இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பெரிய விஷயம், அந்தச் சதவீதத்துக்குள் எங்கள் பட்டறைக்கு வருகிற மரம் பெரும்பாலும் இல்லவே இல்லை. 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது, நல்ல காரியம். அதற்கு முன்பிருந்தே இந்த நாட்டுக்குப் பலகை கொடுத்தது வீட்டுத்தோட்டங்கள்தான், அப்புறம் ரப்பர் தோட்டம், தென்னந்தோப்பு, உங்கள் தேக்கு யூகலிப்டஸ் தோட்டங்கள். 1995இல் வந்த வனத்துறைப் பெருந்திட்டமே பெரும்பகுதி மரம் காட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது என்றுதான் சொன்னது. கண்டி, மாத்தளை, கேகாலை, குருநாகல் பக்கம் போனால் வீட்டைச் சுற்றிப் பலா, மகோகனி, தேக்கு, மா என்று நிற்கும், அதற்குக் கீழே மிளகுக் கொடியும் கோப்பியும். நாட்டின் மரக்களஞ்சியம் அங்கேதான் இருக்கிறது. விவசாயக் காணி, குடியிருப்புக் காணி என்ற வகையில் போவதால் காட்டுப்பரப்புக் கணக்கில் அது வராது. ஆக, எதை வெட்டக்கூடாதோ அதைத்தான் வரைபடம் போட்டு அளந்து வைத்திருக்கிறோம். எதை வெட்டுகிறோமோ அதன் அளவு மரக்காலையில் கேட்டாலும் தெரியாது, கிராமத்தில் கேட்டாலும் தெரியாது.

மரத்தை அளப்பது பெரிய வித்தை இல்லை என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது நெஞ்சளவு உயரத்தில், நாடாவைச் சுற்றி விட்டத்தைக் கண்டுபிடிப்பார்கள். சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும், அடிமரம் பலகைவேர் விட்டு அகன்றிருந்தால் அதற்கு மேலே ஏறி அளக்க வேண்டும், 1.3 மீற்றருக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டு மரமாக எண்ண வேண்டும். உயரத்துக்குக் கோணம் பார்க்கிற கருவி இருக்கிறது. பிறகு அந்தந்த இனத்துக்குத் தயாரித்த கனவளவு அட்டவணையில் விட்டத்தையும் உயரத்தையும் போட்டால் மரத்தின் கன அளவு வரும். இதில் விட்டம் பிழைத்தால் எல்லாமே பிழைக்கும், ஏனென்றால் கன அளவு விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது. 40 சென்டிமீற்றர் மரத்தை 44 என்று எழுதினால் விட்டத்தில் பத்து சதவீதம்தான் பிசகு, மரத்தின் அளவிலோ 21 சதவீதம் கூடிவிடும்.

எல்லா மரத்தையும் எண்ண வேண்டிய தேவையும் கிடையாது. 1940களின் கடைசியில் பிட்டர்லிக் என்ற ஒஸ்திரிய வனவியலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓர் இடத்தில் நின்றபடியே ஒரு சுற்றுச் சுற்றி, கையில் இருக்கிற கருவி காட்டுகிற குறிப்பிட்ட கோணத்தை விடப் பருமனாகத் தெரிகிற மரங்களை மட்டும் எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையை ஒரு மாறிலியால் பெருக்கினால் ஒரு ஹெக்டேரில் மரங்களின் வெட்டுமுகப் பரப்பு, அதாவது நெஞ்சளவு உயரத்தில் குறுக்கே வெட்டினால் தெரிகிற முகங்களின் மொத்தப் பரப்பு, எத்தனை சதுர மீற்றர் என்று வந்துவிடும். ஒரு நாடா கூட எடுக்காமல்! எனக்கு இதைப் படித்தபோது உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. நோர்வே 1919இலும் பின்லாந்து 1921இலும் சுவீடன் 1923இலும் நாடு முழுக்க மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கிவிட்டன. நூறு வருடம் ஆகிவிட்டது.

இங்கேயும் அந்த முயற்சி நடந்ததுதான். 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் இந்தக் கொழும்பில் கூடியபோது உருவானது கொழும்புத் திட்டம். அதன் கீழ் கனடா உதவியோடு வான்படம் எடுத்து, தரையிலும் அளந்து, இலங்கையின் காட்டு வளக் கணக்கு 1961இல் வெளிவந்தது. மேலே சொன்ன 44 சதவீதம் அந்த வேலையில் வந்ததுதான். 1980களிலும் எஃப்.ஏ.ஓ. துணையோடு இன்னொரு கணக்கெடுப்பு நடந்தது. தெரியாத வேலையைச் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. நம் நாடு முன்னமே செய்த வேலை, இப்போது மரம் எங்கே நிற்கிறதோ அங்கே செய்யச் சொல்கிறேன்.

நெல்லைப் பாருங்கள். ஒவ்வொரு சிறுபோகத்துக்கும் பெரும்போகத்துக்கும் வயலில் மாதிரிக் கட்டம் பிடித்து, அறுத்து, நிறுத்து, நாட்டின் விளைச்சல் இவ்வளவு என்று தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் சொல்கிறது. அந்த எண்ணை வைத்துத்தான் அரிசி இறக்குமதி பற்றி முடிவெடுக்கிறார்கள். நாற்பது வருடம் நின்று வளருகிற பலாவுக்கு இந்த மரியாதை வேண்டாமா? நாட்டில் 14,000க்கு மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் தெரிந்து, ஒவ்வொன்றிலும் சில காணிகளை எடுத்து, அந்தக் காணியில் நிற்கிற மரத்தை இனம், சுற்றளவு, நேராகப் போகிற அடிமரத்தின் உயரம் என்று எழுதினால் போதும். வழுவை, அதாவது மதிப்பீடு கூடக் குறைய இருக்கக்கூடிய அளவை, பாதியாக்க நான்கு மடங்கு காணி அளக்க வேண்டிவரும் என்பது உண்மைதான். அதனால் முதல் தடவையே துல்லியம் வேண்டாம். இருபது சதவீதம் கூடலாம் குறையலாம் என்று சொல்லியே ஓர் எண்ணைக் கொடுங்கள், அதுவே இப்போது கையில் இருப்பதை விட எவ்வளவோ மேல்.

இந்தியாவில் வன அளவைத் திணைக்களம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை விடுகிறது. 2021 அறிக்கையில் நாட்டின் மொத்த நிற்கும் மரம் 6,167 மில்லியன் கனமீற்றர் என்றும், அதில் 1,779 மில்லியன் காட்டுக்கு வெளியே நிற்கிறது என்றும் பிரித்தே போட்டிருந்தார்கள். அந்த எண்ணைப் பற்றி அங்கே ஆயிரம் சர்ச்சை இருக்கிறது, இருக்கட்டும், சண்டை பிடிப்பதற்காவது ஓர் எண் இருக்கிறதே. வரப்பில் நிற்கிற மரத்தையும் வீட்டு வாசலில் நிற்கிற மரத்தையும் தனியாகக் கணக்கெடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். நிற்கிற மரம் வேறு, கிடைக்கிற மரம் வேறு. கணக்கெடுப்பில் ஒரு மாவட்டத்தில் இத்தனை லட்சம் கனமீற்றர் என்று வந்ததும் அவ்வளவும் பலகையாகிவிடும் என்று யாராவது திட்டம் போட்டால் அது பெரிய ஆபத்து. முதலில், வெட்டவே கூடாத இடத்து மரத்தைக் கழிக்க வேண்டும். ஆற்றங்கரை, நீரேந்துப் பகுதி, மண்சரிவு அபாயம் உள்ள சரிவு. அடுத்தது, பருமன். சுற்றளவு குறைந்த இளமரத்தில் வைரம் ஏறியிருக்காது, வெளிறிய பகுதிதான் அதிகம், அதைக் கதவு நிலைக்குப் போட்டால் கொஞ்சக் காலத்தில் உளுத்துக் கொட்டும். பிறகு கோறை. வெளியே பார்த்தால் கம்பீரமாக நிற்கும், அரியும் மில்லில் போட்டால் உள்ளே வெறுமை. ஒருமுறை நாங்கள் வாங்கிய மகோகனிக் குற்றிகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது. விற்றவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. யுத்தம் நடந்த இடத்து மரமென்றால் உள்ளே ஷெல் துண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு சின்ன இரும்பு பட்டாலே வாள் அலகு போய்விடும். கோறையும் வளைவும் இல்லாத நல்ல குற்றியிலும் அரிந்து எடுத்தால் பாதி சொச்சம்தான் பலகை, மீதி புறணியும் மரத்தூளும்.

இதையெல்லாம் கழித்த பிறகும் ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது, அதை எந்தச் செய்மதியாலும் எடுக்க முடியாது. மரத்தின் சொந்தக்காரர் விற்பாரா? வீட்டுத்தோட்டத்து மரம் சந்தை விலை ஏறியதும் வெட்டுப்படுவதில்லை. மகளுக்குக் கல்யாணம் வந்தால், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தால் அன்றைக்குத்தான் தேக்கு விழும். சில பலா மரம் எந்த விலைக்கும் விழாது, ஏனென்றால் அது சோறு போடுகிற மரம். பஞ்ச காலத்தில் கைகொடுக்கும் என்று சொல்லி நூறு வருடத்துக்கு முன்பு ஊரூராகப் பலா நடச் சொன்ன ஆர்தர் வி. டயஸை இன்றைக்கும் சிங்களச் சனங்கள் கொஸ் மாமா, அதாவது பலா மாமா, என்றே சொல்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் பெண் பனைக்கும் அனுமதி வேண்டும் என்று வைத்ததும் இதை நினைத்துத்தான். ஆகவே கணக்கெடுக்கப் போகிறவர் நாடாவோடு ஒரு கேள்வித்தாளும் கொண்டுபோக வேண்டும். கடைசியாக எப்போது மரம் விற்றீர்கள், என்ன மரம், ஏன் விற்றீர்கள், அந்த இடத்தில் திரும்ப என்ன நட்டீர்கள். கடைசிக் கேள்விதான் எனக்குக் கவலை. ஒரு ஏக்கர் காணி பத்துப் பேர்ச்சுத் துண்டுகளாகப் பிரிந்து விற்கப்பட்டால் நின்ற மரம் ஒரே தடவையில் சந்தைக்கு வரும், மறுபடி நட இடமே இருக்காது. கொழும்பைச் சுற்றிக் கடுவெல, ஹோமாகம, மினுவாங்கொடைப் பக்கமெல்லாம் இதுதான் நடக்கிறது. இந்த வருடம் மலிவாகக் கிடைக்கிற மரம் பதினைந்து வருடத்தில் இல்லாமல் போகப்போகிற மரமாக இருக்கலாம். வரத்தை மட்டும் பார்க்கிற எங்களுக்கு அது தெரியாது, இருப்பையும் வளர்ச்சியையும் அளக்கிறவர்தான் முன்கூட்டிச் சொல்ல முடியும்.

அளவு முறையையும் ஒருமுறை ஒழுங்காக்கித் தாருங்கள். உத்தியோகக் கணக்கு கனமீற்றரில், மரக்காலை கன அடியில், ஓடாவிமார் கேட்பது நீளத்தை மட்டும் அளக்கிற லைன் அடியில். இதிலே குற்றிக்கு இன்னும் கால் சுற்றளவு முறை புழக்கத்தில் இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்து ஹொப்பஸ் கணக்கு. சுற்றளவை நான்கால் வகுத்து, அதை வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளக் குற்றி என்றால் கால் சுற்றளவு 12 அங்குலம், அதாவது ஒரு அடி, ஆகக் கன அளவு 10 கன அடி. ஆனால் அந்தக் குற்றியில் உண்மையில் இருப்பது 12.7 கன அடி. அரியும்போது போகிற புறணிக்குச் சேர்த்து அந்தக் காலத்தில் வைத்த கழிவு அது, மோசடி இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஹொப்பஸ் அடியைச் சாதாரணக் கன அடி என்று நினைத்து 35.3ஆல் வகுத்துக் கனமீற்றராக்கும்போது. ஹொப்பஸுக்கு 27.74ஆல் வகுக்க வேண்டும். மாற்றி வகுத்தால் ஐந்தில் ஒரு பங்கு மரம் கடதாசியில் காணாமல் போய்விடும். கிராமத்தில் ஒரு விதவைத் தாய் தன் காணியில் நிற்கிற தேக்கை விற்கும்போது வாங்க வருகிறவர் எந்த அடியில் பேசுகிறார் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? ஒரு பக்கத்தில் அடங்குகிற ஓர் அட்டவணையைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒட்டினால் அந்தத் தாய்க்கு அது பணம்.

ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிற தகவலையும் கேட்கிறேன். மரம் வெட்டவும் ஏற்றிச் செல்லவும் பெர்மிட் எடுக்கும்போது இனம், எண்ணிக்கை, அளவு, இடம் எல்லாம் எழுதப்படுகிறது. லொறி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறது என்பதும் அதில் இருக்கும். ஆட்களின் பெயரை நீக்கிவிட்டு, மாவட்டவாரியாக, இனவாரியாக, மாதவாரியாகக் கூட்டி வெளியிடுங்கள். அனுமதி தேவைப்படாத இனங்கள் அதில் வராது, களவாக வெட்டுவதும் வராது, தெரியும். ஆனாலும் மொரட்டுவைக்கும் கொழும்புக்கும் எந்தப் பக்கத்திலிருந்து மரம் வருகிறது, எந்த மாவட்டம் வருடத்துக்கு வருடம் கூடுதலாக வெட்டுகிறது என்பது தெரிந்துவிடும். மாதிரிக் காணிக் கணக்கோடு அதை வைத்துப் பார்த்தால் அனுமதி இல்லாமல் போகிற மரம் எவ்வளவு என்பதற்கும் ஒரு மதிப்பீடு கிடைக்கும்.

விறகையும் மறக்க வேண்டாம். 2022இல் எரிவாயு இல்லாமல் போனபோது இந்தக் கொழும்பில் மாடி வீட்டுப் பல்கனியில் விறகு அடுப்பு எரிந்ததை எல்லோரும் பார்த்தோம். விறகுகாலை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் பழைய பலகைத் துண்டு கேட்டு எங்கள் பட்டறைக்கு வந்தார்கள். தேயிலைக் கொழுந்தை உலர்த்துவதற்கு மலையகத் தொழிற்சாலைகளுக்கு வருடம் முழுக்க விறகு வேண்டும், செங்கல் சூளைக்கும் ஓட்டுச் சூளைக்கும் வேண்டும். 2005இல் வேலியில் நடுகிற கிளிரிசிடியா மரத்தை நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அறிவித்ததே எரிபொருளை நினைத்துத்தான். ரப்பர் மரம் ஒன்று விழுந்தால் அதற்குப் போட்டி போடுகிறவர் எத்தனை பேர்: தளபாடக்காரர், பெட்டி அடிக்கிறவர், கட்டடத்துக்கு ஷட்டரிங் பலகை கேட்கிறவர், கொதிகலனுக்கு விறகு கேட்கிறவர். பலகைக்கு ஒரு கணக்கு, விறகுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போட்டால் ஒரே மரத்தை இரண்டு தடவை எண்ணிவிடுவோம்.

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். அளக்க வருகிறோம் என்றால் சனங்கள் பயப்படுவார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. யுத்தத்தில் விட்டுவிட்டு ஓடிய காணியில் இருபது வருடம் பற்றை மண்டி, அது மேலிருந்து பார்க்கக் காடாகத் தெரிந்து, திரும்பி வந்து பார்த்தால் எல்லைக்கல் போட்டிருந்தது என்ற முறைப்பாடு வன்னியிலும் கிழக்கிலும் இன்றைக்கும் ஓயவில்லை. பதுங்குகுழிக்குப் பனையைக் கொடுத்த சனம் அது. நாடாவோடு சீருடையில் ஒருவர் வாசலில் நின்றால் அவர்கள் மரத்தை நினைக்க மாட்டார்கள், காணி உறுதியைத்தான் நினைப்பார்கள். ஆகவே இந்தக் கணக்கெடுப்பில் சேகரிக்கிற எந்தத் தகவலும் காணி உரிமைக்கோ வரிக்கோ வழக்குக்கோ பயன்படாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள், வர்த்தமானியில் போடுங்கள். அளக்கப் போகிற குழுவில் அந்த ஊர்ப் பிள்ளைகளைச் சேருங்கள், பாடசாலை முடித்துவிட்டு வேலை தேடுகிற பெண்களும் பையன்களும் இந்த வேலையைச் சில நாள் பயிற்சியில் பழகிக்கொள்வார்கள். தமிழ்ப் பிரதேசத்துக்குப் போகிற படிவம் தமிழில் இருக்கட்டும். மரத்தின் பெயரை அந்த ஊர் வழக்கிலேயே எழுத இடம் விடுங்கள், முதிரையையும் பாலையையும் வேம்பையும் கணக்கெடுப்பவருக்குத் தெரியாத பெயரில் எழுதினால் பட்டியல் பிழைக்கும்.

செய்மதி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று உங்களிடம் யாராவது சொல்லலாம். 2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் பயோமாஸ் என்ற செய்மதியையே இதற்காக அனுப்பியிருக்கிறது, நல்லது. ஆனால் மேலிருந்து வருகிற எந்த மதிப்பீட்டையும் தரையில் அளந்த கட்டத்தோடு ஒப்பிட்டால்தான் நம்ப முடியும், அது அந்த விஞ்ஞானிகளே சொல்வது. பத்துப் பேர்ச்சுக் காணியில் கூரைக்கும் தென்னைக்கும் நடுவில் நிற்கிற ஒரு மகோகனியைப் பிரித்துப் பார்க்க ஆள்தான் போக வேண்டும்.

இன்னொரு பயமும் எனக்குத் தெரியும், அது காட்டை நேசிக்கிறவர்களின் பயம். இவ்வளவு மரம் இருக்கிறது என்று எண் வெளியே வந்தால் வெட்டச் சொல்லி அரசியல்வாதிகள் வருவார்கள் என்பது. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜாவுக்குள் இயந்திரம் போனதை இந்த நாடு மறக்கவில்லை. சனங்கள் எழுந்து 1977இல் அதை நிறுத்தினார்கள், 1988இல் அதுவே உலக மரபுரிமையானது. ஆனால் அங்கே நடந்தது கணக்கு வெளியே தெரிந்ததால் வந்த கேடு என்று நான் நினைக்கவில்லை. தொழிற்சாலைக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் முடிவெடுத்துவிட்டு, காடு எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியைப் பிறகு வைத்ததால் வந்த கேடு. ஆகவே வெளியிடும்போது மூன்று எண்ணாக வெளியிடுங்கள்: நிற்பது எவ்வளவு, வருடத்துக்கு வளருவது எவ்வளவு, எடுக்கக்கூடியது எவ்வளவு. இயற்கைக் காட்டின் கணக்கில் மூன்றாவது எண் பூச்சியம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் வழு எவ்வளவு என்பதும் இருக்கட்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதே காணிகளுக்குத் திரும்பிப் போய் அளக்கவும் இப்போதே நிதி ஒதுக்குங்கள். ஒரு தடவை அளந்துவிட்டு விட்டால் வளர்ச்சி எவ்வளவு என்பது ஒருபோதும் தெரியாது.

கூட்டுத்தாபனத்தாரிடம் தனியாக ஒன்று. உங்கள் தேக்குத் தோட்டங்களில் அடுத்த பத்து வருடத்தில் எந்த வருடம் எந்தப் பருமன் குற்றி விற்பனைக்கு வரும் என்று முன்னறிவிப்புக் கொடுத்தால் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள் அதற்கேற்பத் திட்டமிடும். மெல்லிய குற்றிதான் வரப்போகிறது என்றால் ஒட்டிச் சேர்த்துப் பலகை செய்கிற இயந்திரத்துக்கு இப்போதே கடன் எடுப்போம். தெரியாததால்தான் கிடைத்த நேரத்தில் கூட்டி வாங்கிக் கொட்டிலுக்குள் அடுக்கி வைக்கிறோம், அதில் பாதி வெடித்தும் வளைந்தும் போகிறது. அந்த மரம் வீண்.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் தரத் தயாராக இருக்கிறோம். இந்தப் பகுதியில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர்களோடு பேசினேன். என்ன மரம், எந்த ஊரிலிருந்து, எத்தனை கன அடி வாங்கினோம், அரிந்தபின் எத்தனை அடி பலகை தேறியது, எவ்வளவு கோறையாகப் போனது என்று கொள்வனவுப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே பிரதி எடுத்துக் கொடுக்கச் சிலர் சம்மதித்திருக்கிறார்கள். பெயர் வெளியே வராது என்று சொன்னால் இன்னும் பலர் தருவார்கள். பலகை தேறும் விகிதத்தை இனவாரியாகக் கணக்கிட உங்களுக்கு அது உதவும். வேலை நாட்களில் காலையில் எந்த நேரமும் ஆள் அனுப்பலாம், வருகிறவர் தமிழோ சிங்களமோ எது பேசினாலும் சரி, புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தளபாடப் பட்டறைக்காரன்